ஒயில் மாற்றுவது வீண்விரயம் அல்ல

"ஒயில் குறையல்லையே சேர், பிறகு மாத்துவம்." புதிதாக டர்போ கார் எடுத்தவர்கள் பலரிடம் கேட்கும் பதில் இது.

2020 இல் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது. இப்போது ஏ9 வீதியில் டொயோட்டா ரைஸ் போன்ற 996 சீசீ டர்போ வாகனங்கள் ஓடுகின்றன. பலதும் லீசிங்கில்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மண் இது. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து அதைத் தண்ணியாக்கும். ஆனாலும் அந்தப் பழைய எஞ்சின்கள் புகைத்துக்கொண்டே ஓடின. டர்போவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. அதே ஒயிலின் அழுத்தம்தான் கேம் ஷாப்டை முன்பின்னாகத் திருப்பி, வால்வு திறக்கும் நேரத்தையும் மாற்றுகிறது. ஒயில் கசடானால் அதன் சிறு வழிகள் அடைபடும். வால்வு நேரம் பிசகும், இழுவை குறையும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். கடைசியில் டர்போவே போகும்.

ஆகவே அளவு சரியா என்று பார்ப்பது மட்டும் போதாது. கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன தூரத்தில் மாற்றுங்கள். நீண்ட ஓட்டம் முடிந்தால் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள்; கொதிக்கும் டர்போவுக்குள் நின்றுபோகும் ஒயில் கருகிவிடும்.

2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அதில் படிக்கும் பிள்ளைகளே, வீட்டு வாகனத்தின் கையேட்டை இன்றே எடுத்து வாப்பாவுக்கு, அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒயிலில் மிச்சம் பிடித்த காசு, டர்போ மாற்றும் பில்லுக்குக் காணாது.