வரைபடங்களில் அளவைக் குறிகள்

விஞ்ஞான நூலில் வரைபடமொன்றைக் காணும் மாணவன் முதற்கண் கோட்டின் ஏற்றத்தாழ்வையே நோக்குகின்றான். அக்கோடு எதனை அளக்கின்றது என்பதோ ஓரத்தில் நிற்கும் இரண்டோர் எழுத்துக்களைப் பொறுத்தது. அவை இருபொருள் படுமாயின் படம் முழுவதும் பயனற்றதாகும். ஆதலின், அளவையின் பெயரைப் படத்தில் ஒருமுறையேனும் முழுமையாய் எழுதுதல் வேண்டும் என்பது எமது கருத்து.

நம் நாட்டு அறிக்கைகளில் மெட்ரிக் டன்னை ‘எம்.டி.’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்துக்களாற் குறிப்பது வழக்கம். பத்து லட்சம் டன்னையும் அவ்வெழுத்துக்களாலேயே குறிப்பாருளர். விளைச்சற் படமொன்றில் நூறு ‘எம்.டி.’ என்றிருப்பின், அது சில லாரிகளில் அடங்கும் நெல்லோ, ஒரு தேசத்தார் உண்ணும் நெல்லோ, யார் அறிவார்? 1960-ஆம் ஆண்டு சர்வதேச அளவை முறை வகுக்கப்பட்டது. அம்முறைப்படி பெரிய ‘எம்’ மெகாவையும், பெரிய ‘டி’ காந்தப்புல அளவையாகிய டெஸ்லாவையும் குறிக்கும். நெல்லைக் காந்தத்தால் அளந்தவர் நாமே போலும்! டன் என்பதும் ஒன்றன்று. மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம், பழைய ஆங்கில டன் ஏறத்தாழ 1,016, அமெரிக்க டன் 907.

இனி, காற்றிற் கலக்கும் புகையைப் பற்றிய படங்களைக் காண்க. 12 பங்கு கரி எரிந்தால் 44 பங்கு கரியமிலவாயு உண்டாகும். ஆகவே ஒரே புகையைக் கரியின் எடையாகக் கூறுவோர் 12 என்பர். வாயுவின் எடையாகக் கூறுவோர் 44 என்பர். இருவர் கூற்றும் மெய்யே. எதன் எடையென்று சொல்லாது ‘ஜிகாடன்’ என்று மட்டும் விடுத்தால், இரு படங்களை ஒப்பிடுவோன் ஒருவரைப் பொய்யரென்றே முடிவு செய்வான்.

துறை கற்றோர்க்குச் சந்தர்ப்பமே பொருளை உணர்த்தும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அமெரிக்கர் செவ்வாய்க்கு அனுப்பிய ஆய்வுக்கலம் 1999-ஆம் ஆண்டு அழிந்ததற்குக் காரணம், ஒரு சாரார் பவுண்டு அளவையில் தந்த எண்களை மற்றொரு சாரார் நியூட்டன் அளவையினவாகக் கொண்டமையே. அவ்விரு சாராரும் துறை கற்றோரே. மேலும், வரைபடம் தான் பிறந்த பக்கத்தில் தங்குவதில்லை; விளக்கவுரையைப் பின்னே விட்டுச் செய்தித்தாளுக்கும் வகுப்பறைக்கும் தனியே பெயர்கின்றது.

தமிழில் எழுதுவோர்க்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு வேண்டும். ‘மி.’ என்பது மில்லியோ, மில்லியனோ? ‘மெ.டன்’ என்பது மெட்ரிக் டன்னோ, மெகா டன்னோ? இடம் போதாது என்பாரும் உளர். படத்தின் ஓரம் முழுவதும் வெறுமையாகவே கிடக்கின்றதே!