கால்வாய்க் கச்சேரி

லிட்டில் இந்தியாவில் மாலை நேரம் நடந்தவர்களுக்குத் தெரியும். லெபோ பாசாரில் இந்தப் பக்கம் ஒரு பாட்டுக் கடை, எதிர்ப்பக்கம் இன்னொன்று. இவர் ஒலியைக் கூட்டினால் அவரும் கூட்டுவார். கடையெல்லாம் அடைத்து, நல்ல மழை கொட்டி ஓய்ந்த இரவில் இதே போட்டி கால்வாய்க்குள் தொடங்கிவிடும்.

அஞ்சடியில் பூக்கட்டும் அக்கா ஒருவர் போன வாரம் என்னிடம், "தம்பி, ராத்திரி லோங்காங்குல மாடு மாதிரி கத்துதே, கொதிக்கிற தண்ணிய ஊத்தினா போயிருமா?" என்று கேட்டார். ஊற்றாதீர்கள் அக்கா. முதுகின் இரு பக்கமும் மஞ்சள் பழுப்புப் பட்டை போட்ட, உருண்டையான தவளை அது. பெருமழைக்குப் பின் ஓரிரு இரவுகள்தான் இந்த ஆர்ப்பாட்டம். மற்ற நாட்களில் மண்ணுக்குள் பதுங்கிக் கிடக்கும். அதன் முக்கிய உணவு எறும்பும் கரையானும். மர உத்திரம் தாங்கி நிற்கும் நம் பழைய கடைவீடுகளுக்கு அதைவிட நல்ல விருந்தாளி உண்டா?

கத்துவது ஆண்கள் மட்டுமே. காற்றடித்த பந்து போல உடம்பை ஊதிக்கொண்டு, தண்ணீரில் மிதந்தபடி கத்தும். முட்டை சுமந்த பெண் அமைதியாக வந்து, குரல்களைக் கேட்டுத் தேடிப் போகும். பொதுவாகத் தவளைக் கூட்டத்தில் ஆண்கள் அதிகம், அன்றிரவு முட்டையிட வரும் பெண்கள் குறைவு. பெரும்பாலான ஆண்கள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

யாருக்கு யோகம்? பல இனங்களில் பெரிய உடம்புக்குக் கனத்த குரல். அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் உடம்பு மட்டும் போதாது, இடமும் வேண்டும். நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. போர்னியோ காடுகளில், நீர் தேங்கிய மரப்பொந்துக்குள் இருந்து கத்தும் குட்டித் தவளை ஒன்று உண்டு. பொந்தில் தண்ணீர் ஏற இறங்க, அதன் எதிரொலியும் மாறும். தவளை சுருதியை மாற்றி மாற்றிப் பார்த்து, பொந்தே சேர்ந்து முழங்கும் சுருதியைப் பிடித்துவிடுகிறது. லார்ட்னர், மக்லாரின் பின் லக்கிம் என்ற இருவர் இதை 2002இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வித்வான் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பட்டணத்துத் தவளைக்குப் பொந்து ஏது? சிமெண்டுக் கால்வாய் இருக்கிறதே! தைவானில் ஒரு மரத்தவளை இனத்தை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். மழைநீர்க் கால்வாய்க்குள் அவை கத்தும் ஒலி, பக்கத்து நிலத்தில் கத்துவதைவிட உரக்கவும் நீளமாகவும் இருந்தது. இரு பக்கச் சுவரும் ஒலிபெருக்கி வேலை செய்கின்றன. அக்காவுக்குத் தூக்கம் கெட்டதில் தவளைக்குப் பாதிப் பங்கு, கால்வாய் கட்டியவருக்குப் பாதிப் பங்கு என்பது என் கணக்கு.

எனக்குப் பிடித்தது வேறொன்று. நெடுநாள் கூடிக் கத்தும் இனங்களில், எத்தனை இரவு களத்துக்கு வந்தது என்பதுதான் பெரும்பாலும் வெற்றியைத் தீர்மானிக்கிறது. கேட்க எளிது. கத்துவதில் சக்தி கரையும், அந்த நேரத்தில் இரையும் கிடைக்காது. பனாமாவில் ஒரு தவளை இனம், வெறும் கூவலோடு 'சக்' என்று ஓர் ஒலியையும் சேர்த்தால் பெண் மயங்கும். அதே 'சக்' கேட்டு வௌவாலும் வந்து கவ்விப் போகும். தினமும் மேடையேறத் தெம்பும் வேண்டும், உயிரும் மிஞ்ச வேண்டும்.

இவ்வளவு பாடுபடாத சாமர்த்தியசாலிகளும் உண்டு. சில இனங்களில் சின்ன ஆண், உரக்கக் கத்துகிறவன் பக்கத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும். பாட்டைக் கேட்டு வரும் பெண்ணை நடுவழியில் மறித்துக்கொள்ளும். அடுத்த கடைப் பாட்டுக்கு வந்தவரை, "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்று அஞ்சடியிலேயே மடக்குகிற ஆட்களை நாம் பார்த்ததில்லையா என்ன?