மாட்டை யார் பிடிப்பது?

போன பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'இந்த வருடம் சினிமாப் பொங்கல். ஒவ்வொரு பிளாக்கும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் படத்தின் கிராமத்தைப் புல்தரையில் அமைக்க வேண்டும். சிறந்த கிராமத்துக்குப் பரிசு உண்டு.'

கீழே செயலாளரின் கையெழுத்து. நல்ல மனிதர். லிஃப்ட் நின்றால் ராத்திரி பதினொரு மணிக்கும் ஆள் அனுப்புவார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் என் மேல்தான் என்பது போகப் போகத் தெரியும்.

ஏ பிளாக் 'தேவர் மகன்' எடுத்துக்கொண்டது. பி பிளாக்குக்கு 'சின்னக்கவுண்டர்'. "நீங்க பத்திரிகைக்காரர், ஒரு நல்ல படமா சொல்லுங்க சார்" என்று எங்கள் சி பிளாக்கில் என்னைக் கேட்டார்கள். பொங்கல் என்றதும் நாக்கு நுனியில் வந்தது 'மகாநதி'. சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். ராத்திரி படுத்த பிறகுதான் படத்தின் மிச்சம் ஞாபகத்துக்கு வந்தது.

1994 பொங்கலுக்கு வந்த படம். திருநாகேஸ்வரத்தில் வீடு, நிலம், குழந்தைகள் என்று நிம்மதியாக இருக்கிற மனிதர், பட்டணத்து ஆளின் பேச்சை நம்பிச் சென்னைக்கு வந்து சீட்டுக் கம்பெனி போடுகிறார். பணம் போகிறது. ஜெயிலுக்குப் போகிறார். பெற்ற பெண்ணைக் கல்கத்தாவின் சிவப்பு விளக்குத் தெருவில் போய்த் தேட வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தில் பொங்கல் என்பது ஒரு பாட்டு. மிச்சப் படம் முழுக்க அந்தப் பொங்கல் எப்படிக் கைவிட்டுப் போனது என்கிற கணக்குதான். நாங்கள் கணக்கைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் கத்தரித்துப் புல்தரையில் ஒட்டக் கிளம்பினோம்.

சரி, சினிமாவில் நாம் பார்த்து ஏங்குகிற அந்தக் கிராமம் எங்கே இருக்கிறது? ஸ்டுடியோவை விட்டு நிஜ கிராமத்துக்குக் கேமராவைக் கொண்டுபோன படம் என்று '16 வயதினிலே'யைக் கொண்டாடுகிறோம். நியாயம்தான். ஆனால் 1977-ல் அதன் பெரும்பகுதியை எடுத்தது கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கம். தென்சீமைக் கதையான 'தேவர் மகன்' பொள்ளாச்சியில் எடுக்கப்பட்டது. 'நாயகன்' தாராவியில் ஹோலி கொண்டாடுகிறார்களே, அந்தத் தாராவியைத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் போட்டார். சினிமாக்காரர்கள் மேல் குற்றமே இல்லை. செட் போடுவது அவர்கள் தொழில். அதை ஊர் என்று நம்பி, 'அந்தக் காலம் போச்சே சார்' என்று பெருமூச்சு விடுவது நம் தொழில்.

சினிமாப் பொங்கலில் நெல் எப்போதும் அறுத்துக் குவித்துத் தயாராக இருக்கும். டெல்டாவில் அப்படி இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். அது தள்ளிப்போன வருடங்களில் தை முதல் தேதி நெல் வயலிலேயே நிற்கும். 2021-ல் பொங்கல் வாரத்தில் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற பயிர் அப்படியே சாய்ந்து முளைவிட்டது. சினிமாவில் மழை பெய்தால் டூயட்டாவது கிடைக்கும்.

கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வாசலில் கட்டுகிற பன்னீர்க் கரும்பு ஏறக்குறைய பத்து மாதப் பயிர். ஆலைக்குப் போகிற கரும்பு வேறு, இது வேறு. போகிப் பொங்கலுக்குள் விற்றால் காசு. மாட்டுப் பொங்கல் தாண்டினால் அதே கட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். நான் பி.காம். படித்தவன். ஒரே பொருள், ஒரே வாரச் சந்தை, கிட்டங்கியில் வைத்துப் பிறகு விற்கவும் வழியில்லை. இப்படி ஒரு வியாபாரத்துக்கு எந்த பாங்க் மேனேஜரும் சிரித்துக்கொண்டே கடன் தர மாட்டார். ஆனாலும் வருஷா வருஷம் யாரோ போடுகிறார்கள். எந்தப் படத்தின் பொங்கல் பாட்டிலாவது கரும்புக்காரர் விலை பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

டி.வி. பொங்கலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சீரியலில் பானை பொங்கும்போதெல்லாம் எதிரே ஒருத்தி முறைத்துக்கொண்டு நிற்பாள். நமக்கு அதைப் பார்த்தே வயிறு நிறைந்துவிடும். நிஜத்தில் பால் பொங்குகிற நேரம் வீட்டில் பாதிப் பேர் பட்டிமன்றத்தில் இருக்கிறோம்.

புல்தரைக்கு வருவோம். கூரை வேய்ந்த குடிசை வாடகைக்கு வந்தது. மாட்டு வண்டியும் மாடும் லாரியில் வந்தன. தரை ஓடு கறுத்துவிடும் என்று விறகுக்குத் தடை. யாரோ இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுவந்தார்கள். மண்பானை அதில் சூடாகாது என்பது அரைமணி நேரம் கழித்துத் தெரிந்தது. கடைசியில் கேஸ் அடுப்பைச் செங்கல்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்தோம். செலவுக் கணக்கு எழுதும் வேலை வழக்கம்போல எனக்கு. குடிசை வாடகை, வண்டி வாடகை, டிராமா கம்பெனி உடைகள், மைக் செட் என்று இறங்கிய பட்டியலில், கடைசி வரி, ஆகக் குறைந்த தொகை: அரிசி, வெல்லம், நெய்.

எனக்குப் பண்ணையார் வேஷம். பட்டு அங்கவஸ்திரம், கயிற்றுக் கட்டில். மறுக்கவில்லை. கவனித்துப் பாருங்கள், சினிமாப் பொங்கலில் நம்மைக் கற்பனை செய்யச் சொன்னால் நாம் எல்லோருமே அந்தப் பெரிய வீட்டு முற்றத்தில்தான் உட்கார்ந்திருப்போம். வேட்டி சேலை வாங்க வரிசையில் நிற்கிற இடத்தில் ஒருத்தரும் தன்னை வைத்துப் பார்ப்பதில்லை. அதற்கு ஆள் வேண்டுமே? எங்கள் வாட்ச்மேனுக்கு முண்டாசு கட்டி, ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்குக் கண்டாங்கி கொடுத்து நிறுத்தினார்கள். எங்கள் பிளாக் பையன் ஒருவன், பிளஸ் டூ படிக்கிறான், வாட்ச்மேனிடம் ஓடிவந்து, "அண்ணே, சார் முன்னாடி வரும்போது துண்டைத் தோள்ல இருந்து எடுத்து இடுப்புல கட்டிக்குங்க" என்றான். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படத்தில் பார்த்திருக்கிறான்.

பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் துண்டைத் தோளில் போட எத்தனை பேர் எத்தனை வருடம் போராடினார்கள் என்று அந்தப் பையனுக்கு நான்தான் சொல்லியிருக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கிறிஸ்துமஸ் நாளில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலிக்காரர்கள் கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல். நாங்கள் ஆசைப்பட்ட அதே தஞ்சாவூர்ச் சீமை, அதே பண்ணையார் காலம். நாங்கள் வாடகைக்கு எடுத்ததும் குடிசைதான்.

ட்ரம் சத்தத்தில் மாடு மிரண்டது. பிளாக் முழுக்கப் பின்வாங்கியது. வாட்ச்மேன் மட்டும் போய் அதன் கழுத்தைத் தடவி என்னவோ சொன்னார். நின்றுவிட்டது.

விழா முடிந்ததும் டிராமா கம்பெனிக்காரர் முண்டாசுத் துணிகளை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். ராத்திரி கேட்டருகில் பெரியவரைப் பார்த்தேன். "ஊர்ல பொங்கல் எப்படிண்ணே?"

"வீட்ல போன் பண்ணாங்க சார். நல்லா பொங்கிச்சாம்."

செய்யாறு பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. தம்பி பார்த்துக்கொள்கிறார். பொங்கலுக்கு மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. காரணம், இங்கே கிராமத்துப் பொங்கல் இருக்கிறதாம்.

இந்த வருடம் சங்கக் கூட்டத்துக்கு நான் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போனேன். தை முதல் மூன்று நாள் காவலாளிகள், துப்புரவுப் பெண்கள் எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு. கேட்டில் நாமே முறை போட்டு உட்காருவது. குப்பையை அவரவர் இறக்கிவைப்பது. படித்து முடித்தேன். ஏ பிளாக்கில் ஒருவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு அம்மா, "ராத்திரியும் உக்காரணுமா?" என்றார்.

செயலாளர் யோசித்தார். சொன்னேனே, நல்ல மனிதர்.

"லீவு குடுத்துடலாம் சார், தப்பில்ல. ஆனா மாட்டை யார் பிடிக்கிறது?"