வலிக்கு மருந்து தேடும் கம்ப்யூட்டர்!

முழங்கால் வீங்கியிருக்கிறது. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்கிறோம். சிறிது நேரத்தில் வலி குறைகிறது.

அதே மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கினால் என்ன ஆகும்? வயிறு எரியும். சிலருக்குக் குடலில் புண் வரும். சிலருக்கு ரத்த வாந்தி! சிலருக்குச் சிறுநீரகமே கெட்டுப் போகும்.

கால் வலிக்குப் போட்ட மாத்திரை வயிற்றை ஏன் கெடுக்கிறது? வயிற்றைத் தொடாமல் காலை மட்டும் குணப்படுத்தும் மருந்து கிடையாதா?

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் 50 ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடுகிறார்கள். இப்போது கம்ப்யூட்டரையும் இந்த வேலையில் இறக்கி விட்டிருக்கிறார்கள்.

வீக்கம் எதற்கு?

வீக்கம் நம் உடம்பின் காவல்காரன். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. கிருமியை விரட்ட உடம்பு அங்கே படையை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் வீக்கம் வடிந்து விடும்.

சிலருக்கு அது வடிவதில்லை. காவல்காரன் திருடனை விட்டு விட்டு வீட்டுக்காரனையே அடிக்கத் தொடங்குகிறான்! முடக்குவாதம் இப்படித்தான் வருகிறது. சோரியாசிஸ் என்ற தோல் நோயும் இப்படித்தான் வருகிறது.

பூட்டும் சாவியும்

ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனை ஆகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பது 70 ஆண்டுகள் வரை யாருக்கும் தெரியாது! 1971-ல் லண்டனில் ஜான் வேன் என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

அவர் கண்டது இதுதான். நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. வலியையும் வீக்கத்தையும் அது கிளப்பி விடுகிறது. அதை உண்டாக்குவது ஒரு புரதம். ஆஸ்பிரின் அந்தப் புரதத்தின் வாயை அடைத்து விடுகிறது.

புரதத்தைப் பூட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். மருந்து, அதில் நுழையும் சாவி.

1990-களில் இன்னொரு ரகசியம் வெளிப்பட்டது. பூட்டு ஒன்று அல்ல, இரண்டு! முதல் பூட்டு எப்போதும் இருப்பது. வயிற்றின் உள்சுவரைக் காப்பது அதுதான். இரண்டாவது பூட்டு, வீக்கம் வரும்போது பெருகுவது. பழைய மாத்திரைகள் இரண்டையும் அடைத்தன. அதனால்தான் வயிறு கெட்டது.

எக்ஸ்ரே கதிர்களின் உதவியால் பூட்டுகளின் உருவத்தைக் கண்டார்கள். முதல் பூட்டின் உருவம் 1994-ல் தெரிந்தது. இரண்டாவது, 1996-ல். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. ஒரே ஒரு வித்தியாசம். இரண்டாவது பூட்டின் உள்ளே, ஓரத்தில் ஒரு சிறு சந்து இருந்தது. அந்தச் சந்துக்கு ஏற்ற சாவி, முதல் பூட்டில் சரியாக நுழையாது!

8 கோடி பேர் சாப்பிட்ட மருந்து

இரண்டாவது பூட்டை மட்டும் அடைக்கும் மருந்துகள் வந்தன. அவற்றில் ஒன்று வயாக்ஸ். அமெரிக்காவின் மெர்க் கம்பெனி அதை 1999-ல் விற்பனைக்கு விட்டது. வயிற்றுத் தொல்லை குறைந்தது. உலகம் முழுவதும் சுமார் 8 கோடி பேர் அதைச் சாப்பிட்டார்கள்.

2004-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, மெர்க் கம்பெனி அந்த மருந்தைக் கடைகளில் இருந்து திரும்பப் பெற்றது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக வந்தது, ஒரு சோதனையில் தெரிந்து விட்டது! ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டனர். வழக்குகளைத் தீர்க்க 485 கோடி டாலர் கொடுக்க 2007-ல் கம்பெனி ஒப்புக் கொண்டது.

தவறு எங்கே? சாவி, பூட்டில் சரியாகத்தான் பொருந்தியது. ஆனால், அந்தப் பூட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமல் காக்கும் பொருளையும் அது உண்டாக்கி வந்தது. பூட்டை அடைத்ததும் அந்தக் காவலும் போய் விட்டது.

இந்தப் பாடத்தை மறந்து விடாதீர்கள். கடைசியில் மறுபடியும் இதற்கு வருவோம்.

போட்டோவும் சினிமாவும்

எக்ஸ்ரே காட்டியது வெறும் போட்டோ. உயிருள்ள உடம்பில் புரதம் சும்மா இருப்பது இல்லை. நெளிகிறது, துடிக்கிறது, வாயைத் திறந்து மூடுகிறது. சுற்றிலும் உள்ள தண்ணீர் அதன்மீது மோதிக் கொண்டே இருக்கிறது. போட்டோவைப் பார்த்தால் நாட்டியம் தெரியுமா? சினிமா வேண்டும்!

அந்தச் சினிமாவைக் கம்ப்யூட்டர் எடுக்கிறது. எப்படி? எல்லாம் கணக்குத்தான். ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது? பக்கத்து அணு அதை இழுக்கிறதா, தள்ளுகிறதா? அடுத்த கணம் அது எங்கே போகும்? இப்படி எல்லா அணுக்களுக்கும் கணக்குப் போடுகிறது.

"அடுத்த கணம்" என்றால் எவ்வளவு நேரம்? ஒரு செகண்டை 100 கோடி பங்கு ஆக்குங்கள். அதில் ஒரு பங்கை மறுபடியும் 10 லட்சம் பங்கு ஆக்குங்கள். அப்படி ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்கு ஒரு படம்!

இந்த வித்தையை முதலில் ஒரு புரதத்தில் செய்து காட்டியவர்கள், அமெரிக்காவில் மார்ட்டின் கார்ப்ளசும் அவரது சகாக்களும். மாட்டின் கணையத்தில் உள்ள ஒரு சிறு புரதத்தை எடுத்துக் கொண்டார்கள். அது 1977-ல். ஒரு செகண்டை லட்சம் கோடி பங்கு ஆக்கினால், அதில் 9 பங்கு நேரத்துக்குத்தான் அவர்களால் படம் எடுக்க முடிந்தது! கார்ப்ளஸ் 2013-ல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

2010-ல் நியூயார்க்கில், இதற்கென்றே கட்டிய ஆண்டன் என்ற கம்ப்யூட்டர் அதே புரதத்தை மறுபடியும் படம் எடுத்தது. இந்தத் தடவை ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். பழைய படத்தைப் போல 10 கோடி மடங்குக்கும் மேல்!

சென்னை போட்ட கோடு

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கும், எந்தக் கோணத்தில் மடங்கவே மடங்காது என்று ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவருடன் சேர்ந்து அதை வெளியிட்டார். புதிய புரதம் ஒன்றின் உருவத்தைக் கண்டால், அது சரியா என்று இன்றும் உலகம் முழுவதும் அந்த ராமச்சந்திரன் படத்தை வைத்துத்தான் சரி பார்க்கிறார்கள்.

நான்கு சகோதரர்கள்

இந்த வித்தை மருந்துக்கு எப்படி உதவுகிறது? சாவியில் ஓர் அணுவை மாற்றினால் பிடி இறுகுமா, தளருமா? முன்பெல்லாம் அந்தப் பொருளைச் செய்து பார்த்தால்தான் தெரியும். இப்போது கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்குச் சொல்கிறது. நல்ல கணக்கு வந்ததை மட்டும் செய்து பார்க்கிறார்கள். காலமும் பணமும் மிச்சம்.

ஓர் உதாரணம். வீக்கத்தைக் கிளப்பும் சேதியை உயிரணுவுக்குள் கொண்டு போகும் நான்கு புரதங்கள் இருக்கின்றன. நான்கும் சகோதரர்கள் மாதிரி. இவர்களில் சிலரைச் சேர்த்து அடக்கும் மருந்துகள் முன்பே வந்து விட்டன. ஆனால், அவற்றால் இதயத்துக்கு ஆபத்து வரலாம் என்று 2021-ல் அமெரிக்க மருந்து இலாகா கடுமையாக எச்சரித்தது.

நான்கில் ஒருவன் பெயர் டிக்-2. அவனை மட்டும் தனியே பிடிக்க வேண்டும்! நிம்பஸ், ஷ்ரோடிங்கர் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் கம்ப்யூட்டர் கணக்கைக் கொண்டு அதற்கு ஒரு மருந்தை உருவாக்கின. அதன் பெயர் சாசோசிட்டினிப். ஜப்பானின் டகேடா கம்பெனி 2023-ல் 400 கோடி டாலர் முன்பணம் கொடுத்து அதை வாங்கியது.

சோரியாசிஸ் நோயாளிகள் 259 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 12 வாரத்தில், அதிக அளவு மருந்து சாப்பிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு நோய் முக்கால்வாசிக்கு மேல் குறைந்தது. மருந்து இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 6 பேருக்குத்தான் அப்படிக் குறைந்தது. இந்த முடிவு 2024-ல் வெளியாயிற்று.

கடைசி வார்த்தை யாருக்கு?

அப்படியானால் கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே நம்பி விடலாமா?

கூடாது. இங்கேதான் வயாக்ஸ் பாடம் வருகிறது. சாவி பூட்டில் பொருந்துமா என்று கம்ப்யூட்டர் சொல்லும். அந்தப் பூட்டை அடைத்தால் உடம்பு முழுவதும் என்ன நடக்கும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் சேர்ந்ததுதானே உடம்பு!

டிக்-2 விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இந்தப் புரதம் பிறவியிலேயே ஒரு வகையில் பலம் குறைந்து, அந்தக் குறையைத் தாய், தந்தை இருவரிடம் இருந்தும் பெற்றவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். மருந்தும் அதே விளைவைத் தரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால், உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. ஆகவே, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தேறிய மருந்து என்றாலும், நம் நாட்டு மக்களிடமும் அதைப் பொறுமையாகச் சோதிக்க வேண்டும். பல வருஷம் கண்காணிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வழியைக் குறுக்கித் தரும். ஊர் போய்ச் சேர்ந்தோமா என்று சொல்ல வேண்டியவர்கள், மருந்தைச் சாப்பிடும் மனிதர்களும் அவர்களைக் கவனிக்கும் டாக்டர்களும்தான்.

அதுவரை, வீட்டில் உள்ள பெரியவர்கள் வலி மாத்திரையைத் தினமும் விழுங்குகிறார்களா என்று கவனியுங்கள். விழுங்கினால், அடுத்த அட்டையைக் கடையில் வாங்கும் முன்பு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்!