கடிதம் வந்துவிட்டது, விசா எப்போது வரும்?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். வீட்டில் நல்ல காரியம் என்றால் அந்த வட்டாரத்து மக்கள் அங்கே போய்க் கும்பிட்டு வருவார்கள். மகனுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும் நல்ல காரியம்தான். கடிதம் வந்த அன்றே தெரு முழுக்கச் செய்தி பரவிவிடும். "எப்போது விமானம் ஏறுகிறான்?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்பார்.

அவசரப்படக்கூடாது. இடம் தருவது பல்கலைக்கழகம். உள்ளே விடுவது அந்த நாட்டு அரசாங்கம். இரண்டும் வேறு.

அமெரிக்கா போகிற மாணவனுக்குப் பல்கலைக்கழகம் 'ஐ-20' என்ற படிவம் அனுப்ப வேண்டும். ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் அது வரும். பிறகு 'செவிஸ்' கட்டணம் 350 டாலர். விசா கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர். அதன்பின் சென்னை அண்ணா சாலைத் தூதரகத்தில் பேட்டி. அது சில நிமிடங்களில் முடிந்துவிடும்!

இனிஷியல் தொல்லை

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ பெயருக்கு இரண்டு கட்டங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பையனின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அதற்குப் பொருள். காது குத்திப் பெயர் வைத்த பிள்ளைக்கு இந்தக் கதி!

இதனால் விசா நின்றுவிடாது. ஆனால் அங்கே போய் பாங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் சங்கடம். விருதுநகர் மாவட்டத்தாருக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும் முன்பே அங்கே பெயரைத் திருத்திக்கொள்வது நல்லது. ஐ-20 வந்த பிறகு திருத்தினால் அதையும் மாற்ற வேண்டும்.

28 நாள் கணக்கு

பிரிட்டனில் பணக் கணக்குக் கடுமையானது. பாக்கிக் கல்விக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் பாங்கியில் 28 நாட்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் மனு தள்ளப்படலாம். அம்மாவின் நகையை இன்று அடகு வைத்து, நாளை மனுப் போட்டால் நகையும் போச்சு, கட்டணமும் போச்சு. பெற்றோர் கணக்கில் பணம் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பாங்கி கல்விக் கடன் தந்திருந்தால் இந்த 28 நாள் விதி இல்லை. இதை அறியாமல் வட்டிக்காரரிடம் ஓடுகிறவர்கள் உண்டு.

கடிதமே பொய்யானால்?

2023இல் கனடாவில் ஒரு பரிதாபம் வெளிவந்தது. பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள் பலர். சேர்க்கைக் கடிதத்தை ஏஜெண்ட் கொடுத்தார், விசாவும் கிடைத்தது. கனடா போனதும், "அந்தக் கல்லூரியில் இடமில்லை, வேறு கல்லூரியில் சேருங்கள்" என்றார். சேர்ந்தார்கள், படித்தார்கள், வேலையும் பார்த்தார்கள். நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டபோதுதான் முதல் கடிதமே போலி என்று தெரிந்தது. நாட்டைவிட்டு வெளியேறும்படி நோட்டீஸ் பறந்தது. போராட்டம் நடந்தது. ஏமாந்த மாணவர்களை வெளியேற்றுவதில்லை என்று அரசு பிறகு அறிவித்தது. ஜலந்தர் ஏஜெண்ட் ஒருவருக்கு 2024இல் 3 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கனடா அரசே கல்லூரியிடம் கேட்டுச் சரிபார்க்கிறது.

அதே வேலையைப் பெற்றோரும் செய்யலாம். ஏஜெண்டுக்குப் பணம் கட்டும் முன், பல்கலைக்கழகத்துக்கு மாணவனே நேராக எழுதிக் கேட்கலாம். அதற்குக் காசு இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் தாமதம் வரலாம். 2025 மே 27 அன்று, புதிய மாணவர் விசாப் பேட்டிகளுக்கு நாள் ஒதுக்குவதை அமெரிக்கா நிறுத்தியது. ஜூன் 18இல் மீண்டும் தொடங்கியபோது, சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னது. ஆகஸ்டில் வகுப்பு, ஜூலையிலும் பலருக்குப் பேட்டி நாள் கிடைக்கவில்லை. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இடத்தை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்கும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். பல இடங்களில் சம்மதிக்கிறார்கள். அப்போது புதிய தேதி போட்ட ஐ-20 வாங்க வேண்டும்.