விருந்தாளி என்பது பொய்

மார்கழி பிறந்தால் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாது வரும்: ஊசுட்டேரிக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வருகை! நாரைகளும் வாத்துகளும் படங்களில் நிறையும். நாமும் படித்து மகிழ்கின்றோம். ஆனால் அச்செய்தியில் இரண்டு பிழைகள் உள. வருவோரில் மிகச் சிறியோரை அது கணக்கில் கொள்வதில்லை. வருவோரை விருந்தாளிகள் என்பது மற்றொரு பிழை.

அந்த ஏரிக்கு அப்பால், சுத்துக்கேணியின் வேலிப்புதர்களைப் பாருங்கள். புரட்டாசி முதல் சித்திரை வரை அங்கே 'சக், சக்' என்னும் ஒலி கேட்கும். ஒலிப்பது பிளைத் நாணல் கதிர்க்குருவி. பழுப்பு நிறம், ஒன்றரைப் பவுன் எடை. உருசியாவிலும் நடு ஆசியாவிலும் கூடு கட்டும் இச்சிற்றுயிர், இரவுகளில் பறந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வருகின்றது. அங்கே அது தங்குவது கோடையின் சில மாதங்களே. இங்கேயோ ஏறத்தாழ ஏழு மாதங்கள். ஆண்டின் பெரும்பகுதியை நம் மண்ணில் கழிக்கும் உயிரை விருந்தாளி என்பது பொருந்துமா? அதன் உறவினமான பச்சைக் கதிர்க்குருவியை 1990களில் நெல்லை மாவட்டத்து முண்டந்துறைக் காட்டில் ஆராய்ந்தனர். அக்குருவி குளிர்காலத்தில் தனக்கென எல்லை வகுத்து, அயலாரை விரட்டிக் காக்கின்றது. எந்த விருந்தாளி எல்லை வகுப்பான்?

விருந்தாளி என்னும் சொல் நமக்கு வசதியானது. விருந்தாளிக்கு ஒருவேளைச் சோறு போதும். குடும்பத்தாருக்கு வீடு வேண்டும். 2008இல் புதுவை அரசு ஊசுட்டேரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, நன்று. ஆயினும், பெயரில் நாணலைத் தாங்கிய இக்குருவி பெரிதும் வாழ்வது புதர்களிலும் வேலிகளிலும்தான். நொச்சியும் காரையும் ஆவாரையும் அடர்ந்த அவ்விடத்தை நாம் குப்பைக்காடு என்கின்றோம். தூய்மைப்பணி என்று பெயரிட்டுப் பொக்லைன் கொண்டு வழித்தெடுக்கின்றோம்.

புதரில் பாம்பு அடையும் என்பர். வாசலடிப் புதரை வெட்டுவதை யார் தடுத்தார்? நாம் கேட்பது கல்லறைத் தோட்டத்தின் ஒரு கோடியும் வயலோர வேலியும் மட்டுமே. சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டாமா என்பர். ஒழியுங்கள்; அதன் குற்றத்திற்கு நொச்சியை ஏன் தண்டிக்கின்றீர்? அந்த நொச்சியில் இலை இலையாகத் தேடிப் பூச்சி பொறுக்கும் குருவி உங்களிடம் கூலி கேட்டதுண்டா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வழங்கிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடல், இவ்வுலகை நம் பொது இல்லம் என்றழைத்தது. அத்திருமடலைக் கருத்தரங்குகளில் போற்றிவிட்டு, ஆலய வளாகத்தை மொட்டையடித்துச் சிமெண்டுத் தளம் போடுவது எவ்வகைப் பக்தி? பொது இல்லத்தில் ஒன்றரைப் பவுன் உயிருக்கு ஒரு புதரளவு இடம் தர மறுக்கும் நாம், அவ்வில்லத்தின் பிள்ளைகளா, ஆக்கிரமிப்பாளர்களா?

பங்குப் பேரவைகள் அடுத்த கூட்டத்திலேயே ஒரு முடிவெடுக்கட்டும்: கல்லறைத் தோட்டத்தின் பின்வேலியில் இனி அரிவாள் படாது. வரும் புரட்டாசியில் அக்குருவி திரும்பும்போது, அதன் வீடு அங்கே இருக்கட்டும்.