பிள்ளை தலையில் வீக்கமா? பற்றுப் போடாதீர்கள்!

"டாக்டர், பிள்ளை தலையில இன்னொரு குட்டித் தலை முளைச்ச மாதிரி இருக்கு. ஏதாவது பற்றுப் போட்டா வத்துமா?"

பேரன் பேத்தி எடுத்த பாட்டிமார்கள் எங்களைப் போன்ற சித்த வைத்தியர்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி. சித்த மருத்துவம் படித்தவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: பற்று வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், எண்ணெய் தடவி உருவவே வேண்டாம்!

பிரசவத்தில் தலை நெருக்கப்படும்போது, அதிலும் ஆயுதமோ வாக்குவமோ வைத்து எடுக்கும்போது, மண்டையோட்டை ஒட்டிய சவ்வின் கீழ் ரத்தம் கட்டிக்கொள்வது உண்டு. 'செபல்ஹீமட்டோமா' என்பார்கள். நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு வரும். பிறந்த சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். ஓர் எலும்பின் எல்லையைத் தாண்டாது. பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சிப் போனால் 3 மாதத்தில், தானே கரைந்துவிடும்.

"ஊசி குத்தி ரத்தத்தை எடுத்துட்டா என்ன?" என்று அவசரப்படக் கூடாது. ஊசி வழியே கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும், எலும்பையும் தாக்கும். சில குழந்தைகளுக்கு வீக்கத்தின் அடியில் மயிரிழை போல எலும்பில் விரிசலும் இருக்கும். உருவக் கூடாது என்பது அதனால்தான்.

கவனிக்க வேண்டியது வேறு. ரத்தம் கரையும்போது மஞ்சள் காமாலை கூடலாம். வீக்கம் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் சீழ் என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது கீறி வெளியேற்றுவது அவசியம். சில சமயம் சுண்ணாம்புச் சத்து படிந்து வீக்கம் கெட்டியாகும். தலை வளர வளர அநேகமாக அதுவும் சரியாகிவிடும். தலையின் வடிவம் மிகவும் கெட்டுப்போன ஒரு சிலருக்கு மட்டுமே ஆபரேஷன் தேவைப்படும்.

ஆனால் வீக்கம் தளதளவென்று தலை முழுக்கப் பரவி, காதோரம், பிடரி வரை இறங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லிதான், ஒரு டம்ளர்! அதில் பாதிக்கு மேல்கூட அங்கே தேங்கிவிடலாம். குழந்தை வெளிறும், துவளும், பால் குடிக்காது. உடனே ரத்தம் ஏற்றினால்தான் பிழைக்கும். வைத்தியம் ஆஸ்பத்திரியில் மட்டுமே.

ஆயுதம் வைத்து எடுத்த குழந்தை என்றால் முதல் இரண்டு மூன்று நாள் தலையைத் தொட்டுப் பாருங்கள் என்று தாய்க்கு எடுத்துச் சொல்வது ஆஸ்பத்திரிகளின் கடமை. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பிறந்தவுடன் வைட்டமின் 'கே' ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

பாட்டிமார்களே, உங்கள் கைப்பக்குவம் பெரிசுதான். இந்த ஒரு வீக்கத்துக்கு மட்டும் அந்தக் கை சும்மா இருக்கட்டும்!